கத்தோலிக்கப் பெண்களின் இன்சூரன்ஸ் சங்கங்கள்: ஆண்கள் சங்கத்தின் மகளிர் அணியா, தனிக் கடையா?

பிப்ரவரி 3, காலை 10.15 (வாசகர் கேள்வி)

அமெரிக்காவில் கத்தோலிக்கப் பெண்களுக்கென்றே நூறு வருடத்துக்கும் மேலாக இன்சூரன்ஸ் சங்கங்கள் இருக்கின்றனவாமே. ஆண்கள் நடத்திய சங்கத்தின் மகளிர் அணியாகத்தான் இவை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பூசை முடிந்து பத்துப் பேர் கூடி செபமாலை சொல்லி, யாராவது இறந்தால் உண்டியல் குலுக்குவதையெல்லாம் இன்சூரன்ஸ் என்று சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 3, பகல் 1.40

மகளிர் அணி இல்லை. ஆண்கள் சங்கம் கதவைச் சாத்தியதால் பிறந்தவை இவை. மூன்று சங்கங்களைப் பாருங்கள்.

1890, டைட்டஸ்வில், பென்சில்வேனியா: லேடீஸ் கத்தோலிக் பெனவலன்ட் அசோசியேஷன்.
1891 ஜூலை 17, சிகாகோ: விமன்ஸ் கத்தோலிக் ஆர்டர் ஆஃப் ஃபாரஸ்டர்ஸ்.
1892 ஜனவரி 1, கிளீவ்லாந்து, ஒஹாயோ: ஃபர்ஸ்ட் கத்தோலிக் ஸ்லோவாக் லேடீஸ் அசோசியேஷன். ஸ்லோவாக் மொழியில் ‘ஷென்ஸ்கா யெத்னோத்தா’, அதாவது பெண்கள் ஒன்றியம்.

இரண்டு வருட இடைவெளிக்குள் மூன்று ஊர்களில் மூன்று சங்கங்கள். மூன்றுக்கும் முன்னால் ஓர் ஆண்கள் சங்கம் உண்டு. டைட்டஸ்வில் பெண்களுக்கு முன்னால் 1876-இல் நயாகரா ஃபால்ஸ் ஊரில் தொடங்கிய கத்தோலிக் மியூச்சுவல் பெனிஃபிட் அசோசியேஷன். சிகாகோவில் 1883-இல் தொடங்கிய கத்தோலிக் ஆர்டர் ஆஃப் ஃபாரஸ்டர்ஸ். கிளீவ்லாந்தில் 1890-இல் ஸ்தெபான் ஃபுர்தெக் என்ற குருவானவர் தொடங்கிய ஸ்லோவாக் யெத்னோத்தா. அந்த நாளில் இவை மூன்றும் ஆண்களுக்கு மட்டும். மனைவி கணவனின் பாலிசியில் பணம் வாங்குகிறவளாக இருக்கலாம், பாலிசி எடுக்கிறவளாக முடியாது.

மகளிர் அணியென்றால் கல்லாப்பெட்டி தாய்ச் சங்கத்திடம் இருக்கும். இங்கே கல்லா, கணக்குப் புத்தகம், வங்கிக் கணக்கு, தேர்தல், சட்டப்படி பதிவு எல்லாமே பெண்கள் கையில். உங்கள் கேள்வியை இந்த இடத்தில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்: பணம் யார் பொறுப்பில் இருந்தது?

பிப்ரவரி 3, இரவு 9.05

உண்டியல் பற்றிக் கேட்டதற்குப் பதில் விட்டுப்போயிற்று. ஆரம்பத்தில் முறை கிட்டத்தட்ட உண்டியல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1868-இல் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் தொடங்கிய ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் ஒர்க்மென் தான் எல்லோருக்கும் முன்மாதிரி. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற எல்லோரும் ஆளுக்கு 1 டாலர் போட வேண்டும், சேர்ந்த தொகை குடும்பத்துக்குப் போகும். கையிருப்பு கிடையாது, பிரீமியம் கிடையாது. சாவு விழுந்தால் வசூல்.

மொய் எழுதுகிற நமக்கு இது சட்டென்று புரியும். ஆனால் மொய்யில் கொடுத்தவர் வீட்டுக்குத் திருப்பிச் செய்கிற கடமை இருக்கிறது. இங்கே அது இல்லை. போட்டது போட்டதுதான், நம் முறை வரும்போது அப்போது உயிரோடு இருப்பவர்கள் போடுவார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே ஆட்டம் காணும் என்பதைத் தனியாக எழுதுகிறேன், அதுதான் இந்தச் சங்கங்களின் உண்மையான வரலாறு.

பிப்ரவரி 4, காலை 7.30

‘வேலைக்குப் போகாத பெண்ணுக்கு எதற்கு இன்சூரன்ஸ்’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கம்பெனிகள் கேட்டதும் இதையேதான். பிரசவத்தில் இறக்கும் அபாயத்தைச் சொல்லிப் பெண்களைத் தள்ளினார்கள், இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். அபாயம் பொய்யில்லை. 1915-இல்கூட அமெரிக்காவின் பிறப்புப் பதிவு மாநிலங்களில் 1,00,000 பிரசவத்துக்கு 600-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள்.

ஆனால் ‘வேலைக்குப் போகாத’ என்பது தவறு. ஸ்லோவாக் குடியேறிகளின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் சுரங்கத்திலோ இரும்பு ஆலையிலோ இருப்பான். அதே வீட்டில் ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்கள் வாடகைக்குத் தங்குவார்கள், பல வீடுகளில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். அத்தனை பேருக்கும் சமைப்பது, கரி படிந்த துணியைக் கொதிநீரில் போட்டுத் துவைப்பது, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது எல்லாம் அந்த வீட்டுப் பெண். வாடகைப் பணம் அவள் உழைப்பில் வருகிறது. அவள் இறந்தால் வாடகைக்காரர்கள் வேறு வீடு பார்ப்பார்கள். சவச் செலவு, கல்லறை நிலம், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் என்று செலவு ஏறுகிற அதே வாரத்தில் வரவு நின்றுபோகும். பிள்ளைகளை அனாதை இல்லத்தில் விட்ட தகப்பன்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு மனைவியின் பாலிசி அலங்காரமா?

பிப்ரவரி 4, மாலை 6.20

கிளீவ்லாந்து பற்றிக் கொஞ்சம் விரிவாக. அன்னா ஹுர்பன் தலைமையில் கூடியவர்கள் அவரையும் சேர்த்து ஒன்பது பெண்கள். இடம் புனித லாடிஸ்லாஸ் பங்கு (பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்களின் சமூகம்). அந்தப் பங்கில் ஸ்லோவாக்குகளும் ஹங்கேரியர்களும் சேர்ந்து இருந்தார்கள், மொழிச் சண்டை ஓயாது. ஹங்கேரியர்கள் பிரிந்துபோய் புனித எலிசபெத் பங்கைத் தொடங்கியது 1892-இல், பெண்கள் சங்கம் பிறந்த அதே வருடம். ஆகவே ‘ஸ்லோவாக்’ என்ற சொல்லை அந்தப் பெண்கள் பெயரில் சும்மா வைக்கவில்லை. சொந்த ஊரில் ஹங்கேரி அரசு பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழியை நசுக்கிக்கொண்டிருந்த காலம். சந்தா ரசீதும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் தாய்மொழியில் எழுதுகிற இடம் ஒன்று வேண்டியிருந்தது.

அதே ஸ்லோவாக் மக்களிடையே சமயச் சார்பில்லாத போட்டியும் இருந்தது. பிட்ஸ்பர்கில் ரோவ்னியானெக் 1890-இல் தொடங்கிய நேஷனல் ஸ்லோவாக் சொசைட்டி எல்லா சபையினரையும் சேர்த்துக்கொண்டது. ஃபுர்தெக் கத்தோலிக்கர்களுக்குத் தனிச் சங்கம் கண்டதற்கு அது ஒரு காரணம்.

பிப்ரவரி 4, இரவு 11.10

சிகாகோ சங்கத்தை நடத்தியவர் யாரென்று பார்த்தால் ‘செபமாலை சொல்லும் பத்துப் பேர்’ என்ற படம் கலைந்துவிடும். எலிசபெத் ஃப்ளின் ராட்ஜர்ஸ். 1847-இல் அயர்லாந்தில் பிறந்தவர், கனடாவில் வளர்ந்தவர். நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற மாபெரும் தொழிலாளர் அமைப்பில் சிகாகோவின் 24-ஆம் மாவட்டப் பேரவைக்கு 1886-இல் தலைவரானார். அந்தப் பதவியில் அதுவரை எந்தப் பெண்ணும் இருந்ததில்லை. அதே வருடம் அக்டோபரில் ரிச்மண்ட் நகரில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தையோடு போனார். பெண் பிரதிநிதிகள் மொத்தம் 16 பேர். அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது, நடுவில் கைக்குழந்தையோடு இருப்பவர் இவர்தான். பொருளாளர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள், வீட்டுப் பொறுப்பைச் சொல்லி மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஃபாரஸ்டர்ஸ். தொழிற்சங்கக் கூட்டம் நடத்தி, சந்தா வசூலித்து, கணக்கு ஒப்படைத்துப் பழகிய கை. 1908 வரை தலைமை ரேஞ்சராக, அதாவது சங்கத் தலைவராக, இருந்தார். 1939-இல் இறந்தார்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. தொழிலாளர் பற்றிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலைத் திருத்தந்தை 13-ஆம் லியோ (நம் பாட்டிகள் சிங்கராயர் என்பார்கள்) வெளியிட்டது 1891 மே 15. விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் உதவ மக்களே சேர்ந்து நடத்தும் சங்கங்களை அதில் பாராட்டியிருக்கிறார். சிகாகோ பெண்கள் கூடியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காற்று அந்தப் பக்கம் வீசியது.

பிப்ரவரி 5, காலை 8.00

ஒரு விளக்கம். ஃபாரஸ்டர்ஸ் ஆண்களுக்கு மட்டும் என்று நான் எழுதியது சிகாகோ சங்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பாஸ்டனில் 1879-இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் கத்தோலிக் ஆர்டர் ஆஃப் ஃபாரஸ்டர்ஸ் வேறு சங்கம். அது 1894-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்புவது எல்லோருக்கும் நடக்கிறது.

பிப்ரவரி 5, பகல் 2.30

‘கோர்ட்’ என்றால் என்ன என்று கேட்டவருக்கு: கிளை. இந்த ஃபாரஸ்டர் சங்கங்கள் பெயரை இங்கிலாந்தின் பழைய ஃபாரஸ்டர் சங்கத்திலிருந்து எடுத்தவை, அதனால் காட்டுப் பாஷை. கிளை என்றால் கோர்ட், தலைவர் என்றால் சீஃப் ரேஞ்சர். ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு புனிதர் பெயரும் ஓர் எண்ணும் உண்டு. ஆன்ம ஆலோசகராகப் பங்குச்சாமியார் இருப்பார், ஆனால் காசோலையில் அவர் கையெழுத்து இருக்காது.

பிப்ரவரி 5, இரவு 10.45

ஒரு பெண் எப்படிச் சேர்வாள்? இந்தச் சங்கங்களில் பொதுவாக நடந்த முறை இது. சிறு வேறுபாடுகள் சங்கத்துக்குச் சங்கம் உண்டு.

முதலில் உறுப்பினர் யாராவது பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பத்தில் வயது, பிறந்த ஊர், பங்கு, பாஸ்கா கடமை (ஈஸ்டர் காலத்தில் நற்கருணை வாங்குவது) நிறைவேற்றுகிறாளா என்பது. அடுத்த பக்கம்தான் முக்கியம்: அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா, இல்லையென்றால் எந்த வயதில் எதனால் இறந்தார்கள், உடன்பிறந்தவர்களில் காசநோய் யாருக்காவது உண்டா, எத்தனை பிரசவம், கடைசிப் பிரசவம் எப்போது, இப்போது கர்ப்பமா. கர்ப்பமென்றால் பிரசவம் முடிந்து வரச் சொல்லுவார்கள். பிறகு கிளையின் டாக்டர் பரிசோதனை, அந்தத் தாள் தலைமை அலுவலக மருத்துவருக்குப் போகும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே கூட்டத்தில் வாக்கெடுப்பு.

வாக்குப் பெட்டியைக் கண்முன் கொண்டுவாருங்கள். கைக்கு அடக்கமான மரப்பெட்டி, மேலே மூடிய ஒரு வாய், உள்ளே கை விட்டால் வெளியே தெரியாது. ஒரு தட்டில் வெள்ளைக் குண்டுகளும் கறுப்பும் கலந்து கிடக்கும். வெள்ளை சம்மதம், கறுப்பு மறுப்பு. விதியில் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் கறுப்பு விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி, யார் போட்டது என்று தெரியாது. வாக்குச்சீட்டு இல்லாமல் குண்டு வைத்ததால் எழுதப் படிக்கத் தெரியாதவளும் தயங்காமல் வாக்களிக்கலாம். தேசியத் தேர்தலில் அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1920-இல்தான். இந்தப் பெண்கள் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிளைத் தேர்தல், பிரதிநிதித் தேர்தல், மாநாடு எல்லாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சங்கத்தை நினைத்துப் பெருமைப்படுவதென்றால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தப் பெட்டி.

சேர்ந்த பிறகு சுமை நிதிச் செயலாளர் தலையில். மாதக் கடைசித் தேதிக்குள் சந்தா வரவேண்டும். வராத பெயருக்கு நேராக ‘இடைநீக்கம்’ என்று எழுதியாக வேண்டும், இரக்கம் பார்க்க முடியாது. இடைநீக்கத்தில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. திரும்பச் சேர விதியில் சொன்ன நாட்களுக்குள் பாக்கியோடு, உடம்பு நன்றாக இருக்கிறது என்ற சான்றும் வேண்டும். தவறுகள் நடந்த இடம் பெரும்பாலும் இதுதான். அடுத்த தெருப் பெண்தானே என்று செயலாளர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிவிடுவார், இல்லையென்றால் வாங்கிய பணத்தைத் தாமதமாக அனுப்புவார். தாமதமாகப் பணம் வாங்கிக்கொள்வதே கிளையின் வழக்கமாக இருந்திருந்தால் சங்கம் அந்த விதியைத் தானே கைவிட்டுவிட்டதாகச் சொல்லிக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. நீதிமன்றங்கள் பல முறை குடும்பத்தின் பக்கம் நின்றன. அதனால்தான் பிற்கால விதிப் புத்தகங்களில் ‘கிளை அதிகாரி எவருக்கும் எந்த விதியையும் தளர்த்த உரிமை கிடையாது’ என்ற வாசகம் ஏறியது.

பிப்ரவரி 6, மாலை 5.15

சொன்னபடி ‘ஆளுக்கு ஒரு டாலர்’ கணக்கு.

அக்காலக் கம்பெனிகள் பயன்படுத்திய ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ மரண அட்டவணைப்படி வருடத்துக்கு 1000 பேரில் இறப்பவர்கள்: 30 வயதில் 8.43, 40-இல் 9.79, 50-இல் 13.78, 60-இல் 26.69, 70-இல் 61.99.

1000 பெண்கள், இறந்தால் 1000 டாலர், சாவுக்கு ஆளுக்கு 1 டாலர் என்று வையுங்கள். எல்லோருக்கும் 30 வயது என்றால் ஆளுக்கு வருடம் எட்டரை டாலர். நகரத்து ஆலைப் பெண்ணின் கூலி 1880களின் இறுதியில் வாரத்துக்கு 5 டாலர் சொச்சம், ஆக ஒன்றரை வாரக் கூலிக்குக் கொஞ்சம் மேல். தாங்கும். அதே கூட்டம் அப்படியே 70-ஐ எட்டினால் ஆளுக்கு 62 டாலர், ஏறக்குறைய பன்னிரண்டு வாரக் கூலி, அதுவும் சம்பாதிக்க முடியாத வயதில்.

நடுவில் நடப்பது இன்னும் மோசம். கலவையான வயதில் வருடத்துக்கு 14 சாவு விழுகிறது என்றால் 25 வயதுப் பெண்ணும் 14 டாலர் கட்டுகிறாள். அவள் வயதுக்கு உண்மையான செலவு 8 டாலர்தான். பக்கத்துத் தெருவில் எல்லோரும் இளசாக இருக்கிற புதுச் சங்கம் 8 டாலருக்குக் கூப்பிடுகிறது. போய்விடுவாள். உடம்பு சரியில்லாதவளும் வயதானவளும் எங்கும் போக முடியாது, வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். மிஞ்சியவர்களின் வயது ஏறும், சாவு ஏறும், வசூல் ஏறும், அடுத்த இளையவள் கிளம்புவாள். அமெரிக்காவில் பல சங்கங்கள் இப்படியே கரைந்தன. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது சகோதரத்துவம்போலத் தெரியும். கடைசியில் இருபது வருடம் விடாமல் கட்டிய கிழவியைத்தான் அது வெறுங்கையோடு விட்டது.

பிப்ரவரி 6, இரவு 8.50

‘ஒவ்வொரு வருடமும் இளம்பெண்களைச் சேர்த்துச் சராசரி வயதை அப்படியே வைத்தால் போதாதா?’ இதே வாதத்தை அன்று சங்க மேடைகளில் ‘புது ரத்தம்’ என்று சொன்னார்கள். போதாது. 40 வயதில் 1000 பேர் இருந்தால் வருடம் 9.79 சாவு. அதே அட்டவணையில் 20 வயதுக்கு 7.80. ஆகவே 20 வயதில் 500 பேர், 60 வயதில் 500 பேர் என்றால் சராசரி அதே 40, ஆனால் சாவு 3.90 + 13.35 = 17.25. மரணக் கோடு நேர்கோடாக ஏறுவதில்லை, கடைசியில் செங்குத்தாகத் தூக்குகிறது. சராசரியைப் பார்த்து நிம்மதியடைந்த சங்கம் ஏமாந்தது.

பிப்ரவரி 7, காலை 9.30

மருந்து எது? சேரும்போதே வயதுக்கு ஏற்ற பிரீமியம், வாழ்நாள் முழுக்க மாறாத தொகை, இளமையில் அதிகமாகக் கட்டுவதைச் சேமித்துக் கையிருப்பாக வைப்பது. மேலே சொன்ன அட்டவணையில், மூன்றரை சதவீத வட்டிக்கு, 30 வயதில் சேர்பவளுக்கு 1000 டாலருக்கு வருடம் 17.19 டாலர் வருகிறது, நிர்வாகச் செலவு சேர்க்காமல். 1000 பேர் கட்டினால் 17,190. வட்டி 600. முதல் வருடச் சாவுகளுக்கு 8,430. மீதி சுமார் 9,360 டாலர் பெட்டியில். 55 வயதில் 1000-க்கு 18.57 சாவு, அங்கே செலவு பிரீமியத்தைத் தாண்டிவிடுகிறது, அதிலிருந்து கையிருப்பு இறங்கும்.

பிப்ரவரி 7, காலை 11.50

மேலே கடைசி வரி தவறு. 55-இல் சாவுச் செலவு பிரீமியத்தைத் தாண்டுவது சரி, ஆனால் சேர்ந்த பணத்தின் வட்டி அதற்குள் பெரிதாகியிருக்கும், ஆகவே மொத்த நிதி இன்னும் சில காலம் ஏறும். பிறகு மொத்தம் இறங்கினாலும், மிஞ்சியிருக்கும் ஆட்களும் குறைவதால் தலைக்கு உள்ள கையிருப்பு கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். ‘பெட்டியில்தான் இவ்வளவு பணம் இருக்கிறதே, சந்தாவைக் குறையுங்கள்’ என்று மாநாட்டில் எழும் குரலுக்குப் பதிலும் இதுதான். அது உபரி இல்லை, ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்ட பணம்.

பிப்ரவரி 8, இரவு 9.20

பழைய சங்கத்தைப் புது முறைக்கு மாற்றுவது எப்படி? இங்கேதான் ரத்தக் கண்ணீர். நேஷனல் ஃப்ராட்டர்னல் காங்கிரஸ் என்ற கூட்டமைப்பு 1886-இல் உருவாகி, சங்கங்களின் சொந்த அனுபவத்திலிருந்து மரண அட்டவணை ஒன்றையும் கொண்டுவந்தது. 1910-இல் மோபில் நகரிலும் 1912-இல் நியூயார்க்கிலும் மாதிரிச் சட்டங்கள் வரையப்பட்டன. வருடாவருடம் மதிப்பீடு செய்து கையிருப்பு போதுமா என்று காட்ட வேண்டும் என்பது சாரம். மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைச் சட்டமாக்கின.

30-இல் சேர்ந்து இப்போது 55 ஆன பெண்ணிடம் சங்கம் பொதுவாக மூன்று வழிகளை வைத்தது. ஒன்று, இப்போதைய வயதுக்கான பிரீமியத்தைக் கட்டு. இரண்டு, பழைய சந்தாவையே கட்டு, இறப்புத் தொகை குறையும். மூன்று, சந்தாவும் தொகையும் அப்படியே, ஆனால் பற்றாக்குறையைப் பாலிசி மீது கடனாக ஏற்று, வருடம் 4 சதவீத வட்டியோடு. மூன்றாவது இனிப்பாகத் தெரியும். 1000 டாலர் பாலிசியில் 400 கடன் என்றால் பத்து வருடத்தில் அது 592 ஆகிவிடும், குடும்பத்துக்குக் கிடைப்பது 408. துக்க வீட்டில் காசோலையைப் பிரித்துப் பார்க்கும் மகளுக்கு அம்மா எப்போதோ கையெழுத்துப் போட்ட கடன் தெரிந்திருக்காது. சண்டை அங்கே.

கோர்ட்டுக்கும் (இது நிஜக் கோர்ட்) போனார்கள். ராயல் ஆர்கேனம் என்ற சங்கத்தின் வழக்கில் 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சங்கம் சந்தாவை உயர்த்தலாம், சங்கம் பதிவான மாநிலத்தின் சட்டமே எல்லோருக்கும் பொருந்தும் என்று தீர்த்தது. நியாயம் எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் இரண்டு மனமாகவே இருக்கிறேன். உயர்த்தாவிட்டால் சங்கமே இருக்காது. உயர்த்தினால் அடி விழுவது, வேறெங்கும் போக முடியாதவளுக்கு.

பிப்ரவரி 9, காலை 7.10

‘மற்ற சங்கங்களில் சேர்ந்திருக்கலாமே, கத்தோலிக்கச் சங்கம் எதற்கு?’ ரகசியச் சடங்கும் சத்தியப் பிரமாணமும் உள்ள சங்கங்களைத் திருச்சபை சந்தேகத்தோடு பார்த்தது. 1884-இல் அமெரிக்க ஆயர்கள் பால்டிமோரில் கூடிய மூன்றாம் பொது மாமன்றம் இதைப் பேசியது. 1894-இல் ரோமிலிருந்து ஆட் ஃபெல்லோஸ், நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ், சன்ஸ் ஆஃப் டெம்பரன்ஸ் மூன்றும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டன. மலிவான இன்சூரன்ஸ் கிடைத்த இடங்களில் சில இப்படி அடைபட்டன. கம்பெனிகளின் வாராந்திர பாலிசி இருந்தது, வீட்டு வாசலில் ஏஜென்ட் வந்து காசு வாங்குவார், ஆனால் வசூல் செலவே பெரும்பங்கைத் தின்றது. பங்குக் கூடத்தில் மாதம் ஒருமுறை தாங்களே கூடி வசூலித்தவர்களுக்கு அந்தச் செலவு இல்லை.

பிப்ரவரி 9, இரவு 10.00

1918 ஃப்ளூ பற்றிக் கேட்டார்கள். அமெரிக்காவில் சுமார் 6,75,000 பேர் இறந்தார்கள். அந்தக் காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களைக் குறிவைத்து அடித்தது, கர்ப்பிணிகளை இன்னும் கடுமையாக. சங்கக் கணக்கில் இதன் பொருள்: நேற்றுச் சேர்ந்தவள், கையிருப்பு ஏதும் சேராதவள், முழு 1000 டாலரும் மற்றவர்கள் பணத்திலிருந்து போக வேண்டும். 70 வயதுப் பெண் இறந்தால் அவள் பணத்தின் பெரும்பகுதி அவள் பெயரிலேயே சேர்ந்திருக்கும். ஆகவே ஒரே எண்ணிக்கைச் சாவு என்றாலும் அடி பல மடங்கு. சங்கங்கள் பல அந்தக் குளிர்காலத்தில் கூடுதல் வசூல் போட்டன. கையிருப்பு முறைக்கு ஏற்கெனவே மாறியிருந்தவை மூச்சு விட்டன.

பிப்ரவரி 10, பகல் 12.40

இறப்புத் தொகை கேட்கும் முறை சுருக்கமாக. கிளைச் செயலாளருக்குச் செய்தி. பார்த்த டாக்டரின் சான்று, கிளை அதிகாரிகளின் கையெழுத்து, அசல் பாலிசிச் சான்றிதழ். எல்லாம் தலைமை அலுவலகம் போய்க் காசோலை வரும். யார் பெயருக்கு எழுதலாம் என்பதற்கும் அன்று சட்டக் கட்டுப்பாடு உண்டு: குடும்பம், ரத்த உறவு, சார்ந்து வாழ்பவர். கடன் கொடுத்தவன் பெயருக்கு எழுத முடியாது, அவன் அந்தப் பணத்தை முடக்கவும் முடியாது. வழக்கமான சிக்கல்: முதல் கணவன் பெயர் அப்படியே நிற்பது, இரண்டாம் திருமணத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டது. இன்னொன்று வயது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, விண்ணப்பத்தில் இரண்டு வருடம் குறைவாக ஒன்று. வயதுக்கேற்ற பிரீமியம் வந்த பிறகு இது காசு விவகாரம், உண்மை வயதுக்கு அந்தப் பிரீமியம் வாங்கித்தரும் தொகைக்குக் குறைத்துக் கொடுப்பார்கள்.

பிப்ரவரி 11, மாலை 4.00

இப்போது என்ன ஆயின? சிகாகோ சங்கம் 1966-இல் நேஷனல் கத்தோலிக் சொசைட்டி ஆஃப் ஃபாரஸ்டர்ஸ் என்று பெயர் மாற்றியது, ‘விமன்ஸ்’ போயிற்று. டைட்டஸ்வில்லில் பிறந்து எரி நகரில் தலைமை அலுவலகம் வைத்த சங்கம் லாயல் கிறிஸ்டியன் பெனிஃபிட் அசோசியேஷன் ஆனது. எல்.சி.பி.ஏ. என்ற நான்கு எழுத்து மாறாமல் ‘லேடீஸ்’, ‘கத்தோலிக்’ இரண்டையும் விட்டது கெட்டிக்காரத்தனம், எனக்குக் கொஞ்சம் வருத்தமும்கூட. கிளீவ்லாந்து சங்கம் ‘லேடீஸ்’ என்பதை விடாமல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் கிளீவ்லாந்தை ஒட்டிய பீச்வுட்.

முதல் கேள்விக்குத் திரும்பினால், ஆண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். மகளிர் அணிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பிப்ரவரி 11, இரவு 9.35

இன்று இவற்றில் பாலிசி எடுப்பது பாதுகாப்பா என்று ஒருவர் கேட்டிருப்பதால் இரண்டு விஷயம் மட்டும். இவை பங்குதாரர் இல்லாத சங்கங்கள், அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 501(சி)(8) பிரிவில் வரிவிலக்கு உண்டு. ஒப்பந்தம் ‘திறந்த ஒப்பந்தம்’: பாலிசித் தாள் மட்டும் போதாது, சங்கத்தின் சாசனமும் விதிகளும், பிறகு வரும் திருத்தங்களும் அதில் அடக்கம். கையிருப்பு குறைந்துபோனால் உறுப்பினர்களிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம் என்ற பிரிவு இன்றும் இருக்கிறது. கட்டாவிட்டால் அது பாலிசி மீது கடனாக ஏறும், இல்லையேல் தொகை குறையும். பிப்ரவரி 8 குறிப்பில் பார்த்த அதே வழிகள். கம்பெனிகள் திவாலானால் கைகொடுக்கும் மாநில உத்தரவாத நிதி பொதுவாக இந்தச் சங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே வாங்கும் முன் சங்கத்தின் ஆண்டறிக்கையில் கடன்பாட்டுக்கு மேல் உபரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

பிப்ரவரி 12, காலை 6.50

வீட்டுப் பழம்பெட்டியில் இப்படியொரு சான்றிதழ் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. முதலில் கிளையின் பெயரும் எண்ணும், அடுத்து சான்றிதழ் எண், மூன்றாவது சேர்ந்த தேதி. இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கம் பெயர் மாறியிருந்தாலும் இணைந்திருந்தாலும், அது பதிவான மாநிலத்தின் இன்சூரன்ஸ் துறையிடம் கேட்டால் இப்போது யார் பொறுப்பு என்று சொல்வார்கள். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், பெயர் மாற்றமும் கடன் ஏற்றியதும் அங்கேதான் முத்திரை குத்தியிருக்கும். விண்ணப்பத்தின் நகல் கிடைத்தால் விடாதீர்கள். கொள்ளுப்பாட்டியின் அம்மா எந்த வயதில் எதனால் இறந்தாள் என்பதை அந்தப் பெண் தன் வாயால் சொல்லி எழுதிய ஒரே தாள் அதுவாக இருக்கலாம்.